முகவரியை மறைக்கலாமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கக் காரியாலயத்தில் சந்தாக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் தம் மகளை அழைத்துக்கொண்டு படியேறி வந்தார். முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். தோட்டம் விலைபோய், மரங்களைச் சாய்த்த பிறகு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர். மகள் கணக்கியல் படித்து டிப்ளோமா வாங்கியிருக்கிறாள். வேலைக்கு மனு எழுத உதவி கேட்டு வந்திருப்பார்கள் என்று நாம் நினைத்தோம். அவர் கேட்டதோ வேறு.

"தம்பி, பிள்ளையோட மனுவுல ஒங்க ஆபீசு அட்ரச போட்டுக்கலாமா? எங்க பிளாட்டு பேர போட்டா வேல குடுக்க மாட்டேங்கிறாங்க."

நாம் அந்தப் பிள்ளையைப் பார்த்தோம். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "மூணு எடத்துல நேர்முகத்துக்குக் கூப்பிட்டாங்க, அங்கிள். ரெண்டு எடத்துல அட்ரச பாத்துட்டு, 'ஓ, அந்த பிளாட்டா?'ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் வேற ஒண்ணும் கேக்கல."

பெரியவர் திருடியவர் அல்லர். மகள் யாரையும் அடித்தவள் அல்லள். ஆனாலும் வீட்டு முகவரியை அவர்கள் ஒரு நோயைப் போல மறைக்க வேண்டியிருக்கிறது. இந்த அவமானத்தைப் பற்றித்தான் இன்று நாம் எழுத வேண்டியிருக்கிறது.

"நாங்க இன்னும் லயத்துலதானே இருக்கோம், எங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். தோழர்களே, உங்கள் அண்ணன் எங்கே இருக்கிறார்? கட்டிக்கொடுத்த மகள் எங்கே இருக்கிறாள்? அடுக்குமாடியில்தானே! நாளைக்கு உங்கள் தோட்டமும் விலைபோனால், நீங்கள் போய்ச் சேரப்போகும் இடமும் பெரும்பாலும் அதுதான். ஆகவே இது நம் அனைவருடைய பிரச்சினை.

கெட்ட பெயர் நமக்குப் புதிதா?

இல்லை. ஒரு காலத்தில் "தோட்டத்தான்" என்ற சொல்லே ஏச்சாக இருந்தது. குடிகாரன், அழுக்கன், அறிவில்லாதவன் என்றெல்லாம் பட்டணத்தில் பேசினார்கள். அந்தப் பெயரை நம் முன்னோர் எப்படி மாற்றினார்கள்?

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றார்கள். சம்பளத்தோடு மரியாதையையும் சேர்த்துக் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச்.நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். தோட்டத்துக் குறையைப் பத்திரிகைக்கும் வெளி உலகத்துக்கும் கொண்டுபோகத் தெரிந்த மனிதர். அதற்காகவே அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள்.

1946, 47-இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படை எழுந்தது. பீடோங்கில் உள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் இளைஞர்கள் திரண்டார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பவனை அவர்களே தட்டிக் கேட்டார்கள். வெள்ளைக்காரன் வந்து நம்மைத் திருத்தவில்லை. நம் பிள்ளைகளே நம் லயத்தைத் திருத்தினார்கள்.

இந்த இரண்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் குறையை நாமே சரிசெய்ய வேண்டும். வெளியே இருக்கும் அநியாயத்தை ஊரறியச் சொல்ல வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் காரியம் நடக்காது.

மாடிக்கு எப்படி வந்தோம்?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதியும், தொழிற்பேட்டையும், நெடுஞ்சாலையும் வந்தன. புத்ராஜெயா எழுந்து நிற்கும் மண் எது? பிராங் பெசார் தோட்டமும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் இருந்த மண். கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி என்று தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் பால் சுமந்த தோட்டங்கள். அங்கிருந்த குடும்பங்களை 1990-களின் இறுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். வேறு பல தோட்டத்தார் புறம்போக்குக் கம்பங்களில் குடிசை போட்டு, பின்பு அங்கிருந்து மாடிக்கு ஏற்றப்பட்டார்கள்.

தோட்டத்தில் வீடு சிறியதுதான். ஆனால் வாசல் பெரியது. கோயில் இருந்தது, திடல் இருந்தது, ஆயாக்கொட்டகை இருந்தது, பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பையன் தப்பு செய்தால் எந்தப் பாட்டியும் காதைத் திருகலாம். மாடியில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரியாது. விளையாட இடம் இல்லாத பையன் படிக்கட்டில் உட்காருகிறான். அவனைத் தேடிக்கொண்டு கெட்ட சகவாசம் வருகிறது. தோட்டத்தை விற்றவர்கள் வீட்டைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். அந்த வாசலுக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்?

இதைச் சொல்வது தப்பு செய்பவனுக்கு வக்காலத்து வாங்க அல்ல. வியாதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்?

பெயர் எப்படிக் கெடுகிறது?

ஓர் அடுக்குமாடியில் ஆயிரம் குடும்பம் இருக்கிறது என்று வையுங்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது குடும்பம் காலையில் எழுந்து வேலைக்குப் போய் இரவில் வந்து படுக்கிறது. இது செய்தி ஆகாது. ஒரு வீட்டில் கஞ்சா பிடிபட்டால் அது செய்தி. தலைப்பில் வருவது அந்த ஆளின் பெயர் அல்ல, அடுக்குமாடியின் பெயர்!

2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை மறக்க முடியுமா? பெட்டாலிங் ஜெயாவில் கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். தோட்டத்தை விட்டு வந்த ஏழைகள் நிறைந்த இடம் அது. அங்கே வாழ்ந்த ஆயிரக்கணக்கான மலாய்க்காரரும் இந்தியரும் யாரையும் அடித்ததில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் வெளியாளுக்கு அந்த மார்ச் மாதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அதற்காகப் பழி முழுவதையும் பத்திரிகைமேல் போடலாமா? கூடாது. 2018 ஜனவரியில் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடியில் என்ன நடந்தது? மேலிருந்து எவரோ தூக்கிப் போட்ட நாற்காலி கீழே நடந்துவந்த 15 வயதுப் பையன் தலையில் விழுந்தது. தாயின் கண்ணெதிரிலேயே பிள்ளை போய்விட்டான். அதை எழுதாதே என்று எந்த நிருபரிடம் சொல்ல முடியும்? எழுதத்தான் வேண்டும். அந்த அடுக்குமாடியின் பெயரை நாம் இங்கே வேண்டுமென்றேதான் போடவில்லை. ஒரு கை செய்த பாவத்தை எல்லாக் கதவுகள்மேலும் எழுதக்கூடாது என்று சொல்ல வந்த நாமே அதைச் செய்யலாமா?

நாம் நேரில் கண்டது

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அடுக்குமாடி. நான்கு புளோக். நம்மவர் பாதி, மலாய்க்காரர் பாதி, சீனர் சில குடும்பம். நம் சங்க உறுப்பினர்களாக இருந்தவர்கள் அங்கே பலர். அந்த வகையில் இரண்டு வருஷமாக நாம் அங்கே போய்வந்துகொண்டிருக்கிறோம். அங்கே நடந்ததை உள்ளபடி சொல்கிறோம்.

அங்கிருந்து நிறையப் பெண்கள் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். தொழிற்சாலை பஸ் முதலில் புளோக் வாசல் வரை வந்தது. ஒரு நாள் மேலிருந்து வீசிய குப்பைப் பை பஸ்ஸின் முன்கண்ணாடியில் விழுந்து கண்ணாடி விரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து பஸ் உள்ளே வரவில்லை. பெரிய சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். இரவு ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் விளக்கில்லாத பாதையில் கால் மணி நேரம் நடந்து வரவேண்டும். ஒரு பெண்ணின் கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்தவன் பறித்தான். அவள் விழுந்து கை ஒடிந்தது. அதுவும் பத்திரிகையில் வந்தது. அடுக்குமாடிக்கு இன்னும் கெட்ட பெயர்.

பார்த்தீர்களா, ஒரு குப்பைப் பை எங்கே கொண்டுபோய் விட்டது என்று!

அடுத்த மாதம் கீழ்த்தளத்தில் இளைஞர்களுக்குள் அடிதடி. ஒருவனுக்கு வெட்டு. நிருபர் வந்து கேட்டார். அப்போது பொறுப்பில் இருந்தவர், "இங்க ஒண்ணுமே நடக்கல, எல்லாம் பொய்" என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பெயர் கெடக்கூடாதே என்று. ஆனால் யாரோ கைத்தொலைபேசியில் பிடித்த படம் அன்று இரவே ஊரெல்லாம் சுற்றியது. "குடியிருப்பாளர்கள் மறைக்கிறார்கள்" என்று மறுநாள் செய்தி வந்தது. வெட்டுக் காயம் ஆறிவிட்டது. பொய் சொன்ன காயம் ஆற ஒரு வருஷம் ஆனது.

அதற்குப் பிறகு கூட்டம் போட்டார்கள். நான்கு புளோக்குக்கும் சேர்த்து 11 பேர் வந்தார்கள். ஒருவர் எழுந்து, "பேசாம பிளாட்டு பேர மாத்திடலாம்" என்றார். ஒரு மலாய்க்கார மக்சிக் சிரித்துக்கொண்டே, "பேர மாத்துனா நாத்தம் போயிடுமா?" என்று மலாயில் கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் வேலை ஆரம்பித்தது.

ஒரு தாளில் நடுவே கோடு போட்டார்கள். இடது பக்கம்: நாமே நாளைக்குச் செய்யக்கூடியது. வலது பக்கம்: நிர்வாகம் செய்ய வேண்டியது. குப்பை வீசுவது இடது பக்கம். மின்தூக்கி வலது பக்கம். படிக்கட்டில் பையன்கள் குடிப்பது இடது பக்கம். வெளிப்பாதை விளக்கு வலது பக்கம்.

இடது பக்கத்தில் குப்பையைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். மாடிக்கு ஓர் அம்மா பொறுப்பு. அந்த அம்மா வீடு வீடாகப் போய், பஸ் கண்ணாடி கதையையும், கை ஒடிந்த பிள்ளையின் கதையையும் சொன்னார். தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒட்டிய தாளை யாரும் படிக்கவில்லை. அந்த அம்மாக்கள் சொன்னதைக் கேட்டார்கள். ஆறு சனிக்கிழமை கோத்தோங் ரோயோங். முதல் வாரம் 20 பேர். ஆறாவது வாரம் எண்ண முடியவில்லை. சூராவ் ஆட்கள் மண்வெட்டி கொண்டுவந்தார்கள், கோயில் ஆட்கள் சாப்பாடு போட்டார்கள்.

பையன்களைத் துரத்தவில்லை. துரத்தினால் அடுத்த புளோக்குக்குப் போவார்கள், அவ்வளவுதான். கீழே பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்து, சாயங்காலம் பாட வகுப்பு வைத்தார்கள். பெரிய பையன்களில் இருவரைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பேசினார்கள். 1975-ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் இருக்கும் ருக்குன் தெத்தாங்காவை, அதாவது அண்டை அயலார் காவல் அமைப்பை, தங்கள் வட்டாரத்துக்கும் பதிந்துகொண்டார்கள். இரவு ரோந்தில் மூன்று இனத்தாரும் சேர்ந்து நடந்தார்கள்.

வலது பக்கத்துக்கு என்ன செய்தார்கள்? கீழ்த்தளத்தில் ஒரு கரும்பலகை. அதில் தினமும் ஒருவர் எழுதுவார்: "மின்தூக்கி பழுது: இன்று 41-வது நாள்." "விளக்கு இல்லை: இன்று 63-வது நாள்." "கடிதம் கொடுத்த தேதி இது. பதில்: இல்லை." வசை இல்லை, கோஷம் இல்லை. தேதியும் எண்ணும் மட்டும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் பத்திரிகையை அழைத்தார்கள். மண்டபம் பிடித்து, மாலை போட்டு அல்ல. ஒரு தமிழ் நிருபர் அம்மாவை, "ஒரு சாயங்காலம் தே தண்ணி குடிக்க வாங்க" என்று கூப்பிட்டார்கள். அவர் வந்தார். பாட வகுப்பைப் பார்த்தார். கரும்பலகையைப் படம் பிடித்தார். "போன வருஷம் நடந்த வெட்டு?" என்று கேட்டார். புதிய பொறுப்பாளர், "நடந்தது உண்மைம்மா. அன்னிக்கு இல்லைன்னு சொன்னது எங்க தப்பு. அதுக்கப்புறம் இதெல்லாம் செஞ்சிருக்கோம், நீங்களே பாருங்க" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அந்த அம்மா முழுப் பக்கம் எழுதினார். அதைப் பார்த்து மலாய்ப் பத்திரிகை வந்தது. வானொலியில் பேசக் கூப்பிட்டார்கள்.

கரும்பலகைப் படம் வந்த இரண்டாவது வாரம் விளக்கு எரிந்தது. மின்தூக்கிக்கு இன்னும் நான்கு மாதம் ஆனது.

தீபாவளிக்குத் திறந்த இல்லம் வைத்தார்கள். யாரை அழைத்தார்கள் தெரியுமா? வழக்கமாக மேடையில் உட்காருபவர்களை மட்டும் அல்ல. தொழிற்சாலையின் மனிதவள அதிகாரியை, பஸ் ஓட்டுநரை, பள்ளித் தலைமையாசிரியரை, அக்கம்பக்கத்துத் தாமானில் இருந்து இவர்களைப் பார்த்து முகம் சுளித்தவர்களை அழைத்தார்கள். பஸ் ஓட்டுநர் நான்கு புளோக்கையும் சுற்றிப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடந்தார், பாவம்! ஒன்றும் விழவில்லை.

தைப்பூசம் முடிந்த வாரம் பஸ் மறுபடியும் புளோக் வாசலுக்கு வந்தது.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். இன்றைக்கும் குடிக்கிற பையன் இருக்கிறான். மோட்டார் சைக்கிள் திருட்டுப் போகிறது. ஆனால் திருட்டுப் போனால் அவர்களே முதலில் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்கத் தாள் போகிறது: நடந்த தப்பு என்ன, எடுத்த நடவடிக்கை என்ன, நடக்காத பழுது என்ன. பத்திரிகைக்கும் போலீசுக்கும் பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்புகிறார்கள். இப்போது ஏதாவது நடந்தால், எழுதுவதற்கு முன் நிருபர்கள் பொறுப்பாளருக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். அதுவே பெரிய வெற்றி என்று நாம் கருதுகிறோம்.

செய்ய வேண்டியவை

பிற அடுக்குமாடித் தோழர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1. முதலில் வேலை, பிறகு விளம்பரம். குப்பையை அள்ளாமல் நிருபரை அழைத்தால், அவர் குப்பையைத்தான் படம் எடுப்பார்.

2. நடந்ததை மறைக்காதீர்கள். "ஆமாம், நடந்தது. வருந்துகிறோம். இன்னது செய்கிறோம்" என்ற மூன்று வாக்கியம் போதும். அன்றைக்கே சொல்லுங்கள்.

3. பேசுவதற்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று இருவரை நியமியுங்கள். ஒருவருக்காவது மலாய் நன்றாக வரவேண்டும். பத்துப் பேர் பத்து விதமாகப் பேசினால் கெடும்.

4. நிருபரை ஏசாதீர்கள். அவரும் சம்பளத்துக்கு ஓடுகிற தொழிலாளிதான். செய்தி தவறென்றால், எந்த வரி தவறு, உண்மை என்ன என்று எழுதிக் கொடுங்கள்.

5. அடிதடியையும் ஆபத்தில் கிடப்பவரையும் படம் பிடித்து முகநூலிலும் புலனத்திலும் போடுவதை நம் பிள்ளைகளே நிறுத்த வேண்டும். படத்தைப் போலீசிடம் கொடுங்கள். நம் வீட்டுக் கூரைக்கு நாமே நெருப்பு வைக்கலாமா?

6. சிறு பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது பெற்றோரைக் கேளுங்கள். நல்ல செய்தியாக இருந்தாலும் கேட்க வேண்டும்.

7. ஓர் இனத்துச் சங்கமாக இதை நடத்தாதீர்கள். மின்தூக்கி பழுதானால் எல்லா இனத்துக் காலும்தான் வலிக்கிறது.

நிர்வாகம் தப்பித்துக்கொள்ளக் கூடாது

இங்கே ஓர் எச்சரிக்கை. "குடியிருப்பாளர்கள் ஒழுங்காக இருந்தால் போதும்" என்று சொல்லிக் கையைக் கழுவச் சிலர் காத்திருக்கிறார்கள். சுவரில் வர்ணம் பூசி, படம் வரைந்து, நாடா வெட்டிவிட்டுப் போவார்கள். வர்ணம் அழகுதான். ஆனால் நெஞ்சு வலி வந்த பாட்டியை வர்ணமா பதினைந்தாம் மாடியிலிருந்து கீழே இறக்கும்? மின்தூக்கி அல்லவா இறக்க வேண்டும்!

வாடகை வீடென்றால் பழுது பார்க்கும் பொறுப்பு வீட்டுக்குச் சொந்தமான அரசாங்கத்துக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ உண்டு. வாங்கிய வீடென்றால் 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, இருக்கிறது. அதன்படி வீட்டு உரிமையாளர்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்கலாம். வழக்கறிஞருக்குச் செலவழிக்காமல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். ஆனால் ஒன்று: பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர் அந்தக் கூட்டத்தில் ஓட்டுப் போட முடியாது. மாதக் கட்டணத்தைக் கட்டாமல் கேள்வி கேட்கும் உரிமையை இழந்துவிடாதீர்கள்.

மேலே சொன்ன தாமான் பெர்மாத்தா மக்களைப் பாருங்கள். அவர்கள் குடியேறிய கட்டடத்தில் விரிசல் விட்டது. ஊர் என்ன நினைக்குமோ என்று அவர்கள் விரிசலை மூடி மறைக்கவில்லை. நிருபர்களை வீட்டுக்குள் அழைத்துச் சுவரைக் காட்டினார்கள். வருஷக்கணக்காகக் காட்டினார்கள். எங்களுக்குத் தரை வீடு வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று யாரும் சொல்லவில்லை. உரிமை கேட்கும் மக்கள் என்றுதான் நாடு அறிந்தது. குறையை நேராகக் காட்டுகிறவனுக்குக் கெட்ட பெயர் வருவதில்லை.

லயத்தில் இருப்பவர்களுக்கு

இன்னும் தோட்டத்தில் இருக்கும் தோழர்களுக்கும் இரண்டு வார்த்தை.

ஒன்று: பெண் கேட்டு வந்தால், "அந்த பிளாட்டுலயா? வேணாம்" என்று நம்மவர்களே சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறோம். பட்டணத்து முதலாளி முகவரியைப் பார்த்து வேலை மறுப்பதைக் கண்டிக்கும் நாம், முகவரியைப் பார்த்துச் சம்பந்தத்தை மறுக்கலாமா? "தோட்டத்தான்" என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதையே இன்னொருவருக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

இரண்டு: தோட்டம் விலைபோகிறது என்று தெரிந்தால், பேச்சுவார்த்தையில் வீட்டை மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகள் விளையாடத் திடல் எங்கே, பள்ளி எங்கே, பாலர் வகுப்பு எங்கே, வழிபாட்டு இடம் எங்கே, கூடிப் பேச மண்டபம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். ஓர் இடத்தின் பெயர் கெடுவதும் நல்லதாவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. குடிபோன பிறகு கேட்டால் யார் காதிலும் ஏறாது.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள்?

சங்கக் காரியாலயத்தின் முகவரியை நாம் கொடுக்கவில்லை. பெரியவருக்கு முதலில் வருத்தம்தான். "ஐயா, இந்த முகவரியை நாங்க குடுத்தா, ஒங்க வீட்டப் பத்தி அவங்க சொல்றது சரின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு அப்பனையும் மகளையும் அழைத்துக்கொண்டு அந்த நான்கு புளோக் அடுக்குமாடிக்குப் போனோம். பெரியவர் கீழே உட்கார்ந்து பழைய தோட்டத்துக் கதை பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை கரும்பலகையின் எதிரே நெடுநேரம் நின்றாள். பிறகு அந்த மூன்று மாதத் தாளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இந்த வாரம்வரை கிடைக்கவில்லை. புதிதாக இரண்டு மனு போட்டிருக்கிறாள். இரண்டிலும் சொந்த முகவரியைத்தான் எழுதியிருக்கிறாள்.

போன புதன்கிழமை இரவு அவர்கள் அடுக்குமாடியில் முதல் கூட்டம். நம்மையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பது பேர் வந்தார்கள். அந்தப் பிள்ளை ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டாள். அங்கே மின்தூக்கி பழுதாகி அன்றைக்கு 27-வது நாள்.

தோழர்களே, உங்கள் அடுக்குமாடியிலும் ஒரு தாளை எடுங்கள். கோடு போடுங்கள். இடது பக்கத்தை நாளைக்கே ஆரம்பியுங்கள். வலது பக்கத்துக்குத் தேதி போட்டு எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அதை ஊரறியச் செய்ய இந்தப் பகுதி காத்திருக்கிறது.